யார் வீட்டுச் சொத்து?



இங்கிலாந்து நாட்டு நீதிமன்றம் ஒன்றை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். காலம் 14-ஆம் நூற்றாண்டு. மன்றத்தின் நடுவே நிற்கிறான் ஓர் உழவன். அவனுடைய நிலத்தைப் பற்றித்தான் வழக்கு. அவனுக்காக வாதாடுகிறார் ஒருவர். அவனை எதிர்த்து முழங்குகிறார் இன்னொருவர். இருவர் பேச்சுக்கும் தலையசைக்கிறார் நீதிபதி. உழவனோ மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து விழிக்கிறான். நிலம் நிலைத்ததா, பறிபோயிற்றா, அவனுக்கு விளங்கவில்லை. காரணம், மன்றத்திலே ஒலித்தது பிரெஞ்சு மொழி. அந்த ஏழைக்குத் தெரிந்த ஒரே மொழி ஆங்கிலம்!

ஆம், ஆங்கிலம்! இன்று அவனி முழுதும் ஆட்சி செலுத்துகிறதே, அதே ஆங்கிலம், தான் பிறந்த நாட்டிலேயே நீதிமன்ற வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. 1066-இல் நார்மண்டியிலிருந்து படைகொண்டு வந்த வில்லியம் வெற்றி பெற்றான். அன்றுதொட்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரண்மனை பிரெஞ்சு பேசிற்று. ஆலயம் லத்தீன் ஓதிற்று. ஆங்கிலம் பேசியவர் யார்? ஏர் பிடித்தவன், ஆடு மேய்த்தவன், அடுப்பூதிய தாய்.

1362-இல், மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. வழக்காடுவோருக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை. தமக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசப்படுவது இன்னதென்றே தெரியாமல் திகைக்கிறார்கள். ஆகவே இனி வழக்குகள் ஆங்கிலத்திலேயே வாதிக்கப்பட வேண்டும் என்றது அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அது எந்த மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? பிரெஞ்சு மொழியில்! ஆங்கிலத்திற்கு வாழ்வளிக்க வந்த சட்டத்தை ஆங்கிலத்தில் எழுத அன்றைய ஆட்சியாளருக்கு மனம் வரவில்லை. நீதிமன்ற ஏடுகளிலிருந்து லத்தீனும் பிரெஞ்சும் முற்றாக நீங்குவதற்கு 1733 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய அடிமை வாழ்வின் தழும்பு அந்த மொழியின் மேனியில் இன்றும் இருக்கிறது. மாடு தொழுவத்தில் நின்றால் 'ஆக்ஸ்'. அது உழவனின் பழைய சாக்சன் சொல். அதே மாடு பிரபுவின் தட்டிலே இறைச்சியாக வந்து விழுந்தால் 'பீஃப்'. அது பிரெஞ்சு தந்த சொல். புல்வெளியில் மேய்ந்தால் 'ஷீப்', விருந்து மேசைக்கு வந்தால் 'மட்டன்'. மேய்த்தவன் வைத்த பெயர் ஒன்று. மென்றவன் வைத்த பெயர் வேறொன்று! வர்க்கமும் வருணமும் சொற்களிலேயே ஒளிந்து வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதையெல்லாம் இங்கே ஏன் அடுக்குகிறேன்? நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். ஆங்கிலம் என்றதும் முதுகு வளைகிறது, குரல் குழைகிறது. அது பிறவியிலேயே பட்டத்தரசி என்றும், அதன் ஒலியை நாவிலே பிசகாமல் ஏந்துவோரே அறிவாளிகள் என்றும், பிசகினோர் பாமரர் என்றும் பேசித் திரிகிறார்கள். அந்த அரசியின் பிறந்தகத்துக் கதையை அவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே! குடிசையில் பிறந்தது குற்றமல்ல, அது பெருமை. குடிசையில் பிறந்த ஒன்றைக் காட்டிக் குடிசைவாசியை மிரட்டுகிறார்களே, அதுதான் கொடுமை.

பிறகு எப்படிப் பரவியது இந்த மொழி?

ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் லண்டன் மேடையேறிய நாட்களில் ஆங்கிலம் பேசியோர் தொகை ஏறத்தாழ 50 முதல் 70 லட்சம். அவர்களும் பெரும்பாலும் அந்தத் தீவுகளுக்குள் அடங்கியவர்கள். இன்று உலகில் ஆங்கிலம் பேசுவோர் சுமார் 150 கோடி. நானூறு ஆண்டுகளில் நேர்ந்த இந்த வளர்ச்சிக்குக் காரணம் அதன் அழகா? இனிமையா? இலக்கிய வளமா? ஷேக்ஸ்பியரைப் படித்து மயங்கிப் போய், கோட்டைச் சாவியைத் தட்டிலே வைத்து நீட்டிய நாடு எதுவும் உண்டா?

கணக்கைப் பாருங்கள். 1600-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசியின் பட்டயம். 1607-இல் அமெரிக்கக் கரையில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம். 1639-இல் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட மனை. 1655-இல் ஜமைக்கா தீவு ஸ்பெயினிடமிருந்து பறிப்பு. 1788-இல் கைதிகளை ஏற்றிய கப்பல்கள் ஆஸ்திரேலியக் கரையில். வாணிகம் ஒரு கப்பலில், வாள் மறு கப்பலில், விலங்கு பூட்டிய மனிதர் வேறொரு கப்பலில். எல்லாக் கப்பலிலும் ஏறி வந்தது ஆங்கிலம்! பின்னர், 1945-க்குப் பிறகு, பிரிட்டனின் பேரரசு சுருங்கிற்று. அதே வேளையில் அமெரிக்காவின் டாலர் விரிந்தது. அதன் திரைப்படம் விரிந்தது. விமானமும் கணிப்பொறியும் பின்தொடர்ந்தன. ஆதிக்கம் கைமாறியது, ஆனால் இரண்டு ஆதிக்கக்காரருக்கும் மொழி ஒன்றாகவே இருந்துவிட்டது. அதுதான் ஆங்கிலத்திற்கு அடித்த பெரும்பேறு.

ஆனால், தோழர்களே, வரலாற்றின் விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. கப்பலேறிப் போன மொழி, போனபடியே இருந்ததா? இல்லை! போன இடமெல்லாம் அந்தந்த மண்ணின் மக்கள் அதைப் பிடித்து, உருக்கி, தங்கள் அச்சிலே வார்த்தனர். அந்த வார்ப்புகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில் கலகக்கொடி தூக்கியவர்கள் ஆங்கிலேயரின் சொந்தப் பங்காளிகள். 1776-இல் விடுதலை முழங்கியது அமெரிக்கா. 1783-இல் பிரிட்டன் அந்த விடுதலையை ஏற்றுக் கையொப்பமிட்டது. அதே 1783-இல் நோவா வெப்ஸ்டர் என்னும் பள்ளி ஆசிரியர் சிறுவர்க்கான எழுத்துக்கூட்டல் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, நாவுக்கு ஏன் அடிமைத்தனம் என்பது அவர் எண்ணம். அந்தச் சின்னஞ்சிறு புத்தகம் பல கோடிப் படிகள் விற்றது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1828-இல் எழுபதாயிரம் சொற்கள் கொண்ட அமெரிக்க அகராதியை அவர் தந்தார். 'கலர்' என்பதற்கு லண்டன்காரர் ஐந்து எழுத்துப் போதாதென்று இடையிலே செருகி வைத்திருந்த ஆறாம் எழுத்தை வெட்டி எறிந்தார். 'சென்டர்' என்னும் சொல்லின் வாலிலே தலைகீழாய் நின்ற இரண்டு எழுத்துகளை நிமிர்த்தி வைத்தார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் மக்கள் ஏற்றார்களா? அதுவும் இல்லை. நாக்கு, பெண்கள் என்ற சொற்களுக்கு அவர் பரிந்துரைத்த புதிய எழுத்துக்கூட்டலை அமெரிக்கர் புறக்கணித்தனர். வேண்டியதை எடுத்தனர்; வேண்டாததை விடுத்தனர். மொழிக்கு அகராதிக்காரர் காவலராகலாம். எஜமானர் மக்களே!

வெப்ஸ்டர் வெள்ளையர்; கையிலே பேனா இருந்தது; காலிலே விலங்கில்லை. விலங்கோடு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கரிபியன் கடலுக்கு வாருங்கள்.

ஆப்பிரிக்கக் கரைகளில் பிடித்து அட்லாண்டிக் கடல் வழியே ஏற்றப்பட்ட மாந்தர் தொகை சுமார் 1 கோடியே 25 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள் வரலாற்றறிஞர்கள். ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டவர்கள் ஓரினத்தாரல்லர், ஒருமொழியினருமல்லர். பக்கத்தில் நிற்பவனோடு பேச மொழியில்லை. கேட்கும் மொழி கங்காணியின் கட்டளை மட்டும். அந்தக் கட்டளைச் சொற்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றைத் தங்கள் தாய்மொழிகளின் நினைவாலே கோத்து, அந்த மக்கள் ஒரு புதுமொழியைப் படைத்தார்கள். படித்தோர் அதைச் சிதைந்த ஆங்கிலம் என்று ஏளனம் செய்தார்கள்.

சிதைந்ததா? சற்றே உற்று நோக்குங்கள். ஆங்கிலத்தில் 'யூ' என்றால் நீயும் அதுவே, நீங்களும் அதுவே. எதிரே நிற்பவர் ஒருவரா, ஊர் முழுவதுமா என்று அந்தச் சொல் சொல்லாது. நமக்கு நீ வேறு, நீங்கள் வேறு. ஜமைக்கா மக்களுக்கும் அப்படியே! 'உனு' என்றால் நீங்கள். அது மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து நெஞ்சிலே சுமந்து வந்த சொல். உடைமை எல்லாம் பறிக்கப்பட்ட அடிமை, உள்ளத்திலே ஒளித்து வந்த ஒரு சொல்லால், எஜமானன் மொழியில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டான்!

அந்தப் பேச்சை மேடையேற்றிய பெருமை லூயிஸ் பென்னெட் என்னும் பெருமாட்டிக்கு உண்டு. 1919-இல் பிறந்த அவர், லண்டன் சென்று நாடகக்கலை பயின்றவர். பயின்று திரும்பியும் தாய்நாட்டுச் சந்தைப் பேச்சிலேயே கவிதை புனைந்தார், வானொலியில் பேசினார், மேடையில் நடித்தார். அவரைக் கவிஞர் வரிசையில் வைக்கப் புலவர் சிலர் நெடுங்காலம் தயங்கினர். மக்கள் தயங்கவில்லை. 'மிஸ் லூ' என்று செல்லப் பெயரிட்டுக் கொண்டாடினர். 2012-இல் புதிய ஏற்பாடே அந்த மொழியில் அச்சாகி வெளிவந்தது. தோட்டத்துப் பேச்சு தொழுகை மேடையும் ஏறிவிட்டது!

இன்னொரு தோட்டத்து மொழி இதைவிட ஒரு படி மேலே சென்று, நாடாளுமன்றத்திற்குள்ளேயே நுழைந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பாப்புவா நியூகினியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசிபிக் தீவு மக்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, சமோவா முதலிய இடங்களின் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே ஆங்கிலச் சொற்களைத் தங்கள் மொழிகளின் இலக்கணத்தில் பதித்து ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டனர். அதன் பெயர் 'டோக் பிசின்'. மருத்துவமனைக்கு அதில் 'ஹவுஸ் சிக்'. நோயாளி வீடு! தலைமயிருக்கு 'கிராஸ் பிலாங் ஹெட்'. தலைக்குரிய புல்! கேட்டுச் சிரிக்கிறான் லண்டன்காரன். சிரிக்கட்டும், பிறகு இதையும் கேட்கட்டும்.

நாம் என்கிறோம் தமிழில். நாங்கள் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. இந்த நுட்பம் லண்டன் ஆங்கிலத்தில் இல்லை. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே 'வீ'. ஆனால் டோக் பிசினில் உண்டு! 'யுமி' என்றால் நாம். 'மிபெலா' என்றால் நாங்கள். கூலிக்காரர் கூடி அமைத்த மொழி, கோமான்களின் மொழிக்கு வாய்க்காத நுட்பத்தைத் தன்னிடத்தே கொண்டு நிற்கிறது. 1975-இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் டோக் பிசினும் ஆட்சிமொழிகளில் ஒன்று. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அதில்தான் முழங்குகிறார்கள்.

இனிச் சொல்லுங்கள்: எது சிதைவு? எது படைப்பு?

நம் நாட்டுக்கு வருவோம். கோட்டை கட்டிக் குடியிருந்த கம்பெனிக்காரன் நம்மிடமிருந்து மிளகையும் துணியையும் மட்டுமா எடுத்துப் போனான்? சொற்களையும் எடுத்துப் போனான். நம் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. நம் சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆகிச் சீமான்களின் கிண்ணத்திலே மணந்தது. இவை பெருமைக்குரியவை. ஆனால் ஒரு சொல் உண்டு, நாம் தலைகுனிய வேண்டியது. பறை முழக்கிய மக்களின் பெயரும் கப்பலேறிப் போயிற்று. 'பரையா' என்று உருமாறி, ஊரால் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில அகராதியில் அமர்ந்தது. அந்தப் பொருளை அச்சொல்லுக்குக் கற்பித்துக் கொடுத்தது யார்? ஆங்கிலேயனா? நாம் வளர்த்த சாதி! வெளியேயிருந்து வந்த ஆதிக்கத்தைப் பேசும் நாள்களில் உள்ளேயிருந்த ஆதிக்கத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லி வைக்கிறேன்.

வந்த ஆங்கிலமும் இங்கே வந்தபடி இருக்கவில்லை. லட்சமும் கோடியும் அதன் கணக்கில் ஏறின. ஒரு நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பதற்கு 'போஸ்ட்போன்' என்ற சொல் இருக்கிறதே, முன்னதாகவே வைப்பதற்குச் சொல் வேண்டாமா என்று கேட்டு, 'பிரிபோன்' என்று ஒன்றைப் பெற்றெடுத்தனர் இந்தியர்! சிங்கப்பூரிலோ சீனமும் மலாயும் தமிழும் ஆங்கிலத்தோடு கைகோத்தன. அங்கே தமிழ் முசுலிம்களின் உணவுக்கடைக்கு வழங்கும் 'மாமாக்' என்ற பெயருக்குள் நம் மாமா அமர்ந்திருக்கிறார். அந்தத் தெருப்பேச்சைத் திருத்த வேண்டுமென்று 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் ஒன்றையே தொடங்கிற்று. தெரு தன்போக்கில் பேசிக்கொண்டே இருக்கிறது. காஷ்மீரில் பிறந்த மொழியியலறிஞர் பிரஜ் கச்ரு, 1980-களில், ஆங்கிலம் ஒன்றல்ல, பல ஆங்கிலங்கள் உண்டு, அவற்றுள் எதுவும் மற்றதற்கு அடிமையல்ல என்று சான்று காட்டி நிறுவினார். இன்றைய 150 கோடிப் பேரில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 40 கோடிக்கும் குறைவு. நாலு பேரில் மூவர், அதைப் பிறவியிலே பெறாமல் உழைப்பிலே பெற்றவர்கள்! அப்படியானால் அந்த மொழி யார் வீட்டுச் சொத்து?

இருந்தும், உச்சரிப்பு என்றொரு சாட்டையைக் கையிலே வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்களே, அந்தச் சாட்டையின் சரித்திரத்தையும் பார்த்துவிடுவோம்.

ஒரு நாடகாசிரியர் அதைப் பார்த்தார். டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர், பெர்னார்ட் ஷா. 'பிக்மேலியன்' என்பது அவர் தீட்டிய நாடகம். லண்டன் தெருவில் பூ விற்கிறாள் எலிசா என்னும் ஏழைப் பெண். அவள் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கிறார் ஒலிநூல் வல்லுநர் ஹிக்கின்ஸ். சில மாதங்களில் இவள் பேச்சை மாற்றிச் சீமாட்டி என்று நம்பவைக்கிறேன் பார் என்று சவால் விடுகிறார், வெல்கிறார். அந்தப் பெண்ணிடம் புதிதாகச் சேர்ந்தது என்ன? அறிவா? பண்பா? அவை முன்பே அவளிடம் இருந்தன. மாறியது ஒலி. ஒலி மாறியதும் உலகம் எழுந்து நின்று நாற்காலி போடுகிறது! அந்தப் போலித்தனத்தின் முகமூடியைத்தான் ஷா கிழித்தார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய அந்த நாடகம் முதன்முதலில் அரங்கேறியது 1913-இல் வியன்னா நகரில், ஜெர்மன் மொழியில்! லண்டன் அதைக் கண்டது 1914-இல்தான்.

உயர்ந்த உச்சரிப்பு என்று இங்கே சிலர் வியந்து பின்பற்றும் அந்த ஒலியைப் பிரிட்டன் மக்களிலேயே பேசுவோர் மிகச் சிலர். யார்க்ஷயர்க்காரன் பேச்சு வேறு. ஸ்காட்லாந்துக்காரன் பேச்சு வேறு. லிவர்பூல் துறைமுகத் தொழிலாளி பேச்சு முற்றிலும் வேறு. அங்கேயே பெரும்பான்மைக்கு இல்லாத ஒன்று இங்கே தகுதித் தேர்வாகிறதாம்! கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டு நாடக மேடைக்கு வந்தவன் நான். என் குழுவில் நடித்த இளைஞர் ஒருவர், எந்திரவியல் பயின்றவர். வேலைக்கான நேர்காணலில் கேட்ட கணக்கையெல்லாம் பிழையறப் போட்டுக் காட்டினார். வெளியே வந்தபோது அவரிடம் சொல்லப்பட்டது, 'விஷயம் இருக்கிறது, பேச்சுதான் சரியில்லை' என்பது. விஷயம் இருக்கிறதாம்! பிறகு வேறென்ன வேண்டுமாம்? எலிசாவின் கதை வியன்னாவில் அரங்கேறி நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும், ஹிக்கின்சுகள் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்னதால் ஆங்கிலம் வந்த இடமெல்லாம் வசந்தம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது அழித்ததும் உண்டு. வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பழக்கம் இருந்தது. தாய்மொழியாம் வெல்ஷில் ஒரு சொல் பேசிவிட்ட சிறுவன் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டுவார்கள். அவன் காத்திருக்க வேண்டும், இன்னொரு சிறுவன் வெல்ஷ் பேசும் வரையில். பேசியதும் கட்டை அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் அது தொங்குகிறதோ அவனுக்குப் பிரம்படி. பிள்ளையைப் பிள்ளைக்கு ஒற்றனாக்கும் பாடம்!

அது பிரிட்டனுக்குள்ளே. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1950-களில், ஆப்பிரிக்காவின் கென்யாவில் அதே தந்திரம், அதே பிரம்பு. கிக்குயூ மொழி பேசிய சிறுவர்கள் அங்கே ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கும்படி பழக்கப்பட்டனர். அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர் கூகி வா தியாங்கோ. வளர்ந்தார், ஆங்கிலத்தில் புதினங்கள் எழுதினார், உலகப் புகழ் பெற்றார். 1977-இல் ஆட்சியாளரின் சுரண்டலைச் சாடும் ஆங்கிலப் புதினம் ஒன்று அவரிடமிருந்து வெளிவந்தது. அதற்காக அவரை எவரும் சிறையிலிடவில்லை. அதே ஆண்டு, கமிரீத்து என்னும் சிற்றூரில், உழவரையும் தொழிலாளரையும் நடிகர்களாகக் கொண்டு கிக்குயூ மொழியில் ஒரு நாடகம் நடத்தினார். ஊர் மக்களே திறந்தவெளி அரங்கைக் கட்டினார்கள். சில வாரங்களில் நாடகம் தடைசெய்யப்பட்டது. ஆண்டின் இறுதி நாளில் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். 1982-இல் அந்த அரங்கும் இடித்துத் தள்ளப்பட்டது.

நாடகக்காரன் என்ற முறையில் என் நெஞ்சைக் குலுக்கிய வரலாறு இது. ஆங்கிலத்தில் எழுதியபோது படித்தவர்கள் படித்தார்கள், ஆட்சி பொறுத்துக்கொண்டது. தாய்மொழியில் எழுதியதும் உழவனுக்கு விளங்கிவிட்டது, ஆட்சி நடுங்கிற்று! சிறையிலே அவர் என்ன செய்தார்? எழுதக் காகிதமில்லை, கழிப்பறைக் காகிதத்தில் கிக்குயூ மொழியில் புதினம் எழுதினார். 2025-இல் அவர் மறையும் வரையில் தாய்மொழிப் படைப்பே அவர் கொடி.

நைஜீரியாவின் சினுவா அச்செபே வேறு வழி கண்டார். 1958-இல் அவர் தந்த முதற் புதினம் ஆங்கிலத்தில்தான்; ஆனால் அதன் மூச்சு இக்போ மக்களின் மூச்சு. ஆங்கிலம் எங்கள் வாழ்வைச் சுமக்கும், ஆனால் எங்களுக்கேற்ப வளைந்துதான் சுமக்க வேண்டும் என்பது அவர் நிலை. கூகி கருவியை மாற்றினார். அச்செபே கருவியைத் திருத்தினார். மண்டியிட்டவர் இருவரில் எவருமில்லை. நமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

ஆங்கிலத்தை நாம் ஏன் வைத்திருக்கிறோம்? அதன் காலடியில் மலர் தூவுவதற்காக அன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பதினைந்து ஆண்டுக்கு மட்டுமே ஆங்கிலத்தை இணை ஆட்சிமொழியாக வைத்தது. 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது, அதில் ஐயமிருந்தது. 1965-இல் தமிழகத்து மாணவர் கொதித்தெழுந்தனர்; உயிரும் ஈந்தனர். 1967-இல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதி பிறந்தது. ஒரு மொழியாரின் மேலாண்மை எஞ்சியோர் தலைமேல் ஏறாதிருக்க, எல்லாருக்கும் சம தொலைவிலுள்ள மொழியைக் கேடயமாகப் பிடித்தோம். கேடயம் கையிலே இருக்க வேண்டியது. அதை அரியணையில் ஏற்றி வைத்துத் தூபம் காட்டினால் போர்க்களத்தில் நம் கை வெறுங்கை!

இலக்கணமே வேண்டாமா, பிழையோடு எழுதலாமா என்று கேட்போர் உண்டு. பிழையறக் கற்போம், உலகத்தாரோடு கடிதம் எழுத, அறிவு நூல் படிக்க, வழக்காட, வாணிகம் செய்ய, பொதுவான எழுத்துநடை இன்றியமையாதது. அதை ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மறுப்பது இன்னொரு தீண்டாமை. நாம் மறுப்பது ஒன்றைத்தான்: நாவின் ஒலியை வைத்து மனிதனின் நிறையை அளக்கும் தராசை. வெப்ஸ்டருக்கு உரிமை இருந்தது, லூயிஸ் பென்னெட்டுக்கு இருந்தது, நியூகினிக் கூலிக்கு இருந்தது. நம் பட்டுக்கோட்டைப் பையனுக்கும் பரமக்குடிப் பெண்ணுக்கும் மட்டும் இல்லையோ?

ஆகவே, தோழர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஊர்தோறும் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. மாலை வேளையில் ஒரு மணி நேரம் அங்கே விளக்கேற்றி, கல்லூரி கண்ட தோழர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். கட்டணப் பள்ளிக்குச் செல்ல வழியற்ற பிள்ளைக்கு அது கதவைத் திறக்கும்.

நம் தோழர் ஒருவர் ஆங்கிலத்தில் பேச முயன்று தடுமாறினால், நகைக்காதீர்கள். நகைக்கும் ஒவ்வொரு வாயும் அந்த வேல்ஸ் நாட்டு மரக்கட்டையை இன்னொரு கழுத்தில் மாட்டுகிறது.

கற்ற ஆங்கிலத்தின் பயனைத் தமிழுக்குக் கொண்டு வாருங்கள். மருத்துவம், சட்டம், பொருளியல், எந்திரவியல் எதைப் படித்தாலும், அதில் ஒரு பிடியையேனும் உழவனுக்கு விளங்கும் தமிழில் எழுதித் தாருங்கள். கமிரீத்து ஊரில் ஆட்சி நடுங்கியது அதற்குத்தான்!

ஒரு நாள் ஆங்கிலமும் ஏழையாகத்தான் நீதிமன்ற வாயிலில் நின்றது. மன்றத்தார் மனமிரங்கி உள்ளே அழைத்ததால் அது உயரவில்லை. அதைப் பேசிய எளிய மக்கள் விடாமல் பேசியதால் உயர்ந்தது. அந்தக் கதையில் நமக்குரிய இடம், மேலே வீற்றிருக்கும் நீதிபதியின் பக்கம் அன்று. என்ன பேசுகிறார்கள், என் மொழியில் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமையோடு கீழே நிற்கிறானே, அந்த உழவனின் பக்கம்!